மருந்துக்கு மசியாத புழுவும் கிராமத்தின் கடமையும்

சேலம் மாவட்டத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் பயிரிடும் உழவர்களிடம் உரையாடும்போது ஒரு குறையை நாம் அடிக்கடி கேட்கின்றோம். முன்னாளில் ஒரு முறை மருந்து தெளித்தால் விழுந்த புழு, இந்நாளில் மூன்று முறை தெளித்தும் விழவில்லை என்பதே அது. சிலர் மருந்தில் கலப்படம் என்கின்றனர். சிலர் விதையைக் குறை கூறுகின்றனர். வேறு சிலரோ, அளவைக் கூட்டி இரு மடங்காகத் தெளித்துப் பார்க்கின்றனர். கைப்பொருள் கரைகிறதே அன்றிப் புழு குறைவதாகக் காணோம்.

இந்நிலைக்குக் காரணங்கள் பல இருக்கக்கூடும். அவற்றுள் மிகவும் கவலைக்குரியது, புழுவினம் மருந்தை எதிர்த்து நிற்கும் ஆற்றலைப் பெற்றுவிடுதல் ஆகும். இதனை எதிர்ப்புத் திறன் என்று விஞ்ஞானிகள் கூறுவர். இஃது எவ்வாறு உண்டாகிறது, இதனைத் தடுக்கக் கிராமத்தார் செய்யக்கூடியது யாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

புழு பழகுவதில்லை

"புழு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று நாம் பேச்சு வழக்கில் கூறுகின்றோம். கள்ளுக்கும் புகையிலைக்கும் மனிதன் பழகுவது போன்றதன்று இது. தனி ஒரு புழு தன் வாழ்நாளில் நஞ்சுக்குப் பழகிக்கொள்வதில்லை. நிகழ்வது வேறு.

ஒரு வயலில் உள்ள புழுக்கள் யாவும் ஒரே தன்மையன அல்ல. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிலேயே வலியவரும் மெலியவரும் இருப்பது போல, புழுக்களிலும் வேற்றுமை உண்டு. ஆயிரத்தில் ஒரு புழுவுக்கு, மருந்தைச் சிதைத்துவிடும் நொதிகள் உடலில் மிகுதியாகச் சுரக்கும். மற்றொன்றுக்கு, மருந்து சென்று தாக்க வேண்டிய நரம்பின் இடமே சற்று மாறி அமைந்திருக்கும். வேறொன்றின் தோல் வழியே மருந்து விரைவில் உட்புகாது. இத்தன்மைகள் பிறப்பிலேயே அமைந்தவை. தாயிடமிருந்து சேய்க்கு வருபவை.

மருந்து தெளித்தவுடன் எளிய புழுக்கள் மடிகின்றன. வலிய சில எஞ்சுகின்றன. அவையே கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகி, முட்டையிடுகின்றன. அடுத்த தலைமுறையில் அவற்றின் சந்ததியே மிகுகின்றது. விதை நெல்லுக்கென்று நல்ல கதிர்களைப் பொறுக்கி எடுத்து நாம் பயிரின் தரத்தை உயர்த்துகின்றோம் அன்றோ? அதுபோலவே, நாம் அறியாமல் நம் தெளிப்பானைக் கொண்டே வலிய புழுக்களைப் பொறுக்கி எடுத்து வளர்க்கின்றோம்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு வயலில் 10,000 புழுக்கள் இருப்பதாகவும், அவற்றுள் 10 மட்டுமே வலியன என்றும் கொள்வோம். மருந்து எளிய புழுக்களில் பத்தில் ஒன்பதைக் கொல்லும். வலியவற்றை ஒன்றும் செய்யாது என்று வைத்துக்கொள்வோம். முதல் தெளிப்புக்குப் பின் எஞ்சுவன ஏறத்தாழ 1,000. அவற்றுள் வலியன 10, அதாவது நூற்றில் ஒன்று. அடுத்த தலைமுறையில் அதே மருந்தைத் தெளித்தால், எஞ்சியவற்றுள் பதினொன்றில் ஒன்று வலியது. மூன்றாம் தலைமுறையில் இரண்டில் ஒன்று. நான்காம் தலைமுறையிலோ பதினொன்றில் பத்துப் புழுக்கள் வலியன ஆகிவிடும். உண்மையில் எளிய பூச்சிகளோடு கலந்து இனம் பெருகுவதால் இவ்வளவு விரைவாக நிகழாது. ஆயினும் போக்கு இதுவே. முதல் இரு தலைமுறைகளில் உழவர் எவ்வித மாற்றத்தையும் உணரார். உணரும் காலத்தில் காரியம் கைமீறிவிடுகின்றது.

பச்சைக் காய்ப்புழுவின் பெண் அந்துப்பூச்சி ஒன்று ஐந்நூறுக்கு மேல் முட்டையிடும். முட்டை முதல் பூச்சி வரை வளர வெப்பக் காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதமே ஆகும். ஆதலின் ஓராண்டிலேயே பல தலைமுறைகள் தோன்றிவிடுகின்றன.

குண்டூர் கற்பித்த பாடம்

எதிர்ப்புத் திறன் புதிய செய்தி அன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பழ மரங்களைத் தாக்கும் செதிற்பூச்சி கந்தகச் சுண்ணாம்புக் கலவைக்கு மடியாமையை மெலாண்டர் என்னும் விஞ்ஞானி 1914-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். எனினும் நம் நாட்டு உழவர் நெஞ்சில் பதிய வேண்டிய நிகழ்ச்சி, நமது அண்டை மாநிலமான ஆந்திரத்தில் நடந்ததாகும்.

குண்டூர், பிரகாசம் மாவட்டங்களின் கரிசல் நிலங்களில் பருத்திச் சாகுபடி பெருகியிருந்த காலம் அது. 1980-ஐ ஒட்டிப் பைரித்ராய்டு என்னும் வகை மருந்துகள் இந்தியாவுக்கு வந்தன. சிறிய அளவிலேயே புழுவை உடனே வீழ்த்தியமையால் உழவர் அவற்றைப் பெரிதும் நம்பினர். ஊரெங்கும் அதே வகை மருந்து, பருவம் முழுவதும் திரும்பத் திரும்பத் தெளிக்கப்பட்டது. 1987-88 பருவத்தில் பச்சைக் காய்ப்புழு பெருகிய பொழுது அம்மருந்துகள் பயன்படவில்லை. ஒரே பருவத்தில் இருபது முறைக்கு மேல் தெளித்தவர்களும் உண்டு. விளைச்சல் வீழ்ந்தது, மருந்துக் கடன் எஞ்சியது, கடன் சுமை தாங்காது உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. அப்பகுதியின் புழுக்களைச் சோதித்த விஞ்ஞானிகள், பைரித்ராய்டு மருந்துகளுக்கு அவை எதிர்ப்புத் திறன் பெற்றிருந்தமையை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வெளியிட்டனர்.

இதே புழு, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் எமரால்டு என்னும் ஊரில் 1983-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அதே வகை மருந்துக்கு மசியவில்லை. அங்குள்ள பருத்தி விவசாயிகள் செய்தது யாது? அதே ஆண்டில் ஆராய்ச்சியாளரோடு கூடி ஒரு கட்டுப்பாடு வகுத்தனர். பைரித்ராய்டு மருந்தை ஆண்டில் குறித்த 42 நாட்களுக்குள் மட்டும் தெளிப்பது, ஏனைய நாட்களில் தொடுவதில்லை என்பதே அக்கட்டுப்பாடு. ஏனெனில் 42 நாட்களில் ஏறத்தாழ ஒரு தலைமுறையே அம்மருந்தைச் சந்திக்கும். எதிர்ப்புத் திறன் அடியோடு ஒழியவில்லை. ஆயினும் அதன் வளர்ச்சி தளர்ந்தது, அம்மருந்து மேலும் பல ஆண்டுகள் பயன்பட்டது.

புழு ஒன்றே, மருந்தும் ஒன்றே. ஓரிடத்தில் உழவர் தனித்தனியே போராடினர். மற்றோரிடத்தில் ஒன்றுகூடி முறை வகுத்தனர். விளைவில் கண்ட வேற்றுமைக்கு இதுவே தலையாய காரணம்.

கைவிட்ட புகலிடம்

இரண்டாவது பாடம் பி.டி. பருத்தியைப் பற்றியது. காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே உண்டாக்கும் இப்பருத்தி, 2002-ஆம் ஆண்டு இந்தியாவில் அனுமதிக்கப்பட்டது. விதைப் பொட்டலத்துடன் 120 கிராம் சாதாரணப் பருத்தி விதையும் தனியே தரப்பட்டது. அதனை வயலைச் சுற்றி விதைக்க வேண்டும் என்பது விதி. அது எதற்காக என்று பலரும் அறிந்திலர்.

சாதாரணப் பருத்தியில் வளரும் புழுக்கள் நஞ்சைச் சந்திப்பதில்லை. ஆகவே எளிய பூச்சிகள் அங்கே ஏராளமாகத் தோன்றும். பி.டி. செடியில் தப்பிய அரிய வலிய பூச்சி, அந்த எளிய பூச்சிகளோடு இணையும். அவற்றின் சந்ததி பெரும்பாலும் நஞ்சுக்கு மடியும். இத்தகைய பயிருக்குப் புகலிடப் பயிர் என்று பெயர். எளிய பூச்சிகளைக் காப்பதே வலியவற்றை அடக்கும் வழி என்பது கேட்பதற்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் கணக்கு அதுவே.

நம் நாட்டில் பலர் அச்சிறு பொட்டலத்தை விதைக்கவில்லை. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் வகைப் பி.டி. பருத்தியை எதிர்த்து நிற்பது 2009-ஆம் ஆண்டுப் பருவத்தில் குஜராத்தில் காணப்பட்டது. சில ஆண்டுகளில், இரு புரதங்கள் கொண்ட இரண்டாம் வகையும் அப்புழுவுக்கு முன் வலுவிழந்தது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலோ புகலிடப் பயிரை ஒழுங்காக வளர்த்தனர். பின்னர் மலட்டு அந்துப்பூச்சிகளையும் பறக்க விட்டனர். 2018-ஆம் ஆண்டு, தன் பருத்தி நிலங்களில் இப்புழு ஒழிக்கப்பட்டது என்று அந்நாட்டு அரசு அறிவித்தது.

எல்லாத் தோல்வியும் எதிர்ப்புத் திறன் அன்று

2018-ஆம் ஆண்டு மே மாதம் கருநாடகத்தின் சிவமொக்காவில் மக்காச்சோளப் படைப்புழு இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டிற்கும் வந்து பெருஞ்சேதம் விளைத்தது. அமெரிக்கக் கண்டத்தில் நெடுங்காலம் பல மருந்துகளைச் சந்தித்து வந்த இனம் இது. புவெர்ட்டோ ரிக்கோ தீவில் பி.டி. மக்காச்சோளத்தின் ஒரு வகையையும் இது 2006-ஆம் ஆண்டளவில் வென்றுவிட்டது. ஆகவே இதனிடம் எச்சரிக்கை வேண்டும்.

எனினும் மருந்து பலிக்காத இடத்திலெல்லாம் எதிர்ப்புத் திறனே காரணம் என்று முடிவு கட்டிவிடலாகாது. முதலில் பின்வருவனவற்றை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

1. புழு முதிர்ந்திருந்ததா? சிறு புழுவைக் கொல்லும் அளவு, பெரும் புழுவுக்குப் போதாது.

2. மருந்து புழுவின்மேல் பட்டதா? படைப்புழு குருத்துக்குள்ளும், காய்ப்புழு காய்க்குள்ளும் ஒளிந்திருக்கும். மேலிலையை நனைத்ததனால் மட்டும் பயனில்லை.

3. தெளித்த சில மணி நேரத்தில் மழை பெய்ததா?

4. தெளிப்பானின் முனை தேய்ந்து நீர் ஒழுகியதா? மருந்தளவும் நீரளவும் சரிதானா?

5. மருந்து காலங்கடந்ததா? பட்டியல் பெற்று வாங்கியதுதானா?

இவை யாவும் செவ்வையாக இருந்தும், ஒரே அளவுள்ள புழுக்களில் சில மடிந்து பல உயிரோடு திரியுமாயின், எதிர்ப்புத் திறன் உண்டென ஐயுறலாம். அந்நிலையில் அளவைக் கூட்டுதல் பெருந்தவறு. கூடிய அளவு எஞ்சியிருந்த எளிய புழுக்களையும் அவற்றை உண்ணும் நன்மை செய்யும் பூச்சிகளையும் கொன்று, மிக வலிய புழுக்களுக்கே வயலை விட்டுக்கொடுக்கும். மருந்தை நிறுத்திவிட்டு, வேளாண் விரிவாக்க மையத்திற்கோ சந்தியூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திற்கோ தெரிவித்து ஆலோசனை பெறுதலே முறை.

பெயரை மாற்றுதல் வகையை மாற்றுதல் ஆகாது

"ஒரு மருந்து கேட்கவில்லை, வேறு மருந்து அடித்தேன், அதுவும் கேட்கவில்லை" என்பார் உளர். அவர் வாங்கிய இரண்டும் பெயரளவில் வேறு. வகையால் ஒன்றாக இருந்திருக்கலாம். கடைப் பெயர்கள் எத்தனையோ உண்டு. பெட்டியின்மீது வணிகப் பெயருக்கு அருகில் மருந்தின் பொதுப்பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அதனையே நோக்குதல் வேண்டும்.

மருந்து புழுவின் உடலில் எவ்விடத்தைத் தாக்குகிறது என்பதைக் கொண்டு உலக அளவில் எண்கள் தரப்பட்டுள்ளன. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஃபென்வலரேட், லாம்டா சைஹலோத்ரின் ஆகிய நான்கும் பைரித்ராய்டுகளே. இவற்றின் எண் 3. ஸ்பைனோசாட், ஸ்பைனெட்டோரம் என்பவை எண் 5. எமாமெக்டின் பென்சோயேட் எண் 6. பி.டி. நுண்ணுயிர் மருந்து எண் 11. நோவலூரான் எண் 15. இண்டாக்சகார்ப் எண் 22. குளோரான்ட்ரனிலிப்ரோல், ஃபுளூபெண்டியமைடு என்பவை எண் 28. ஓரெண்ணுக்குள் ஒரு மருந்தை வென்ற புழு, அவ்வெண்ணைச் சேர்ந்த பிறவற்றையும் பெரும்பாலும் வென்றுவிடும். ஆகவே எண் மாறினாலன்றி மருந்து மாறியதாகாது.

மற்றொரு செய்தியையும் நினைவிற்கொள்ளுதல் நலம். பெட்டியின்மேல் காணும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்கள் மனிதருக்கு அம்மருந்து எவ்வளவு கொடியது என்பதைக் காட்டுவன. வகையைக் காட்டுவன அல்ல. விதை நேர்த்தியும் கணக்கில் சேரும். சயான்ட்ரனிலிப்ரோல் கலந்த மருந்தால் நேர்த்தி செய்த மக்காச்சோள விதையை விதைத்தவர், எண் 28 வகையை முன்பே உபயோகித்துவிட்டார். அவர் அடுத்துத் தெளிக்கும் மருந்து வேறு எண்ணாக இருத்தல் வேண்டும்.

மலையும் அடிவாரமும்

இப்பிரச்சினை சமவெளிப் பருத்திக்காரருக்கும் மக்காச்சோளக்காரருக்கும் மட்டுமே உரியதன்று. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் கீழ்நோக்கிப் பாய்கின்றன. அந்துப்பூச்சியோ இரவில் காற்றோடு பல கல் தொலைவு பறக்கும். அதற்கு ஊர் எல்லையும் தெரியாது, ஒன்றிய எல்லையும் தெரியாது. காய்ப்புழு பருத்தியை மட்டும் உண்பதில்லை. துவரை, அவரை, மொச்சை, தக்காளி, மக்காச்சோளம் யாவும் அதற்கு உணவே. வாழப்பாடியிலும் ஆத்தூரிலும் ஒரு பருவத்தில் எந்தப் புழு வளர்க்கப்படுகிறதோ, அதன் சந்ததி வேறு பருவத்தில் வேறு ஊரின் கொல்லையில் தோன்றும்.

ஏற்காடு மலையின் சிற்றூர்களில் மலையாளி மக்கள் சாமை, கேழ்வரகு ஆகியவற்றோடு அவரை, மொச்சை முதலியவற்றையும் பயிரிட்டு வருகின்றனர். மருந்து படாத இத்தகைய கொல்லைகள், மேலே கூறிய புகலிடத்தின் பணியைச் செய்யக்கூடியவை. எளிய பூச்சிகளும், புழுக்களைத் தாக்கும் குளவிகளும் அங்கே வாழும். ஆதலின் அவரையில் நான்கு புழுக்களைக் கண்டவுடன் கைத்தெளிப்பானை எடுக்கும் பழக்கம் மலையில் பரவாதிருத்தல், மலைக்கும் நன்று, அடிவாரத்திற்கும் நன்று. மலைச்சரிவில் தெளித்த நஞ்சு மழைநீரோடு ஊற்றிலும் ஓடையிலும் கலக்கும் என்பதும் மறக்கத்தக்கதன்று.

கிராமம் கூடிச் செய்ய வேண்டியவை

ஏரி நீரை யார் எப்பொழுது திறந்துகொள்வது என்பதைத் தனி ஒருவர் முடிவு செய்வதில்லை. முறை வைத்து நீர் பாய்ச்சுகின்றோம். முறையை மீறினால் கடைமடை காய்ந்துவிடும் என்பதை அனைவரும் அறிவோம். மருந்தின் ஆற்றலும் அத்தகைய பொதுச் சொத்தே. ஒருவர் அளவின்றித் தெளித்தால் அவர் வயலில் தோன்றும் வலிய பூச்சி, அளவோடு தெளித்த அடுத்தவர் வயலுக்கும் பறந்து செல்கிறது. இதனைக் காக்கும் பொறுப்பைத் தனி உழவர்மேல் சுமத்துதல் இயலாது. கிராம சபையில் பேசி முறை வகுத்தலே தக்கது. அதற்கு உதவும் திட்டம் ஒன்றைக் கீழே தருகின்றோம்.

முதலாவது, கோடை உழவு. காய்ப்புழுவும் படைப்புழுவும் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகத் தங்குவன. ஆழ உழுதால் அவை வெயிலாலும் பறவைகளாலும் அழியும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடலாம். இம்முறைக்கு எந்தப் புழுவும் எதிர்ப்புத் திறன் பெற்றதில்லை.

இரண்டாவது, ஏககாலத்தில் விதைத்தல். ஓர் ஊரில் விதைப்பு இரண்டு மாதங்களுக்கு நீண்டால், புழுவுக்கு இளம் பயிர் ஓயாது கிடைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு வாரங்களுக்குள் விதைப்பை முடிக்க ஊரார் தீர்மானிக்கலாம்.

மூன்றாவது, கண்காணிப்பு. ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறிகள் வைத்து, வாரம் இரு முறை அந்துப்பூச்சிகளை எண்ணிப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதுக. வயலில் ஐந்து இடங்களில், இடத்திற்கு இருபது செடிகளாக நூறு செடிகளைப் பார்க்க. இளம் மக்காச்சோளத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துச் செடிகள் வரை புதிதாகத் தாக்கப்பட்டிருந்தாலன்றி மருந்தை நாடற்க. படைப்புழுவும் வெட்டுப்புழுவும் முட்டைகளைக் குவியலாக இடுவன. அவற்றை இலையோடு கிள்ளி நசுக்குவது ஒரு நாள் வேலையே.

நான்காவது, உயிரினங்களின் துணை. வரப்பில் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி விதைத்தால் நன்மை செய்யும் பூச்சிகள் பெருகும். பறவைகள் அமரக் குச்சிகள் நடுக. காய்ப்புழு சிறியதாக இருக்கும்போது அதற்குரிய என்.பி.வி. வைரஸ் கரைசலை மாலை வேளையில் தெளிக்கலாம். டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணியையும் விடலாம். அதனை விட்ட நாட்களில் நஞ்சு தெளித்தல் ஆகாது.

ஐந்தாவது, மருந்து முறை. பருவத்தை முப்பது முப்பது நாட்களாகப் பகுத்துக்கொள்க. ஒரு பகுதி புழுவின் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஈடாகும். தேவை நேர்ந்தால் முதற்பகுதியில் ஊர் முழுவதும் ஓரெண் மருந்தையே, இரு முறைக்கு மேற்படாமல் தெளிக்க. அடுத்த பகுதியில் அவ்வெண்ணை ஒருவரும் தொடலாகாது. வேறெண் மருந்தையே எடுத்தல் வேண்டும். எந்தப் பயிருக்கு எந்த மருந்து அனுமதிக்கப்பட்டது, அளவு யாது என்பவற்றை உதவி வேளாண் அலுவலரைக் கேட்டும் பெட்டியிலுள்ள குறிப்பைப் படித்தும் அறிக. பல மருந்துகளைத் தாமே கலந்து தெளித்தல் கூடாது.

ஆறாவது, கணக்கு. தெளித்த நாள், மருந்தின் பொதுப்பெயர், வகை எண், அளவு, பலன் ஆகிய ஐந்தையும் ஒவ்வோர் உழவரும் ஒரு நோட்டில் எழுதி வருக. பஞ்சாயத்தில் அவற்றைத் தொகுத்தால், எந்த மருந்து எவ்விடத்தில் வலுவிழக்கிறது என்பது சேதம் வருமுன்னரே புலனாகும். மருந்து விற்போரையும் அழைத்து, இப்பருவத்தில் ஊர் எடுத்த முடிவு இன்னது என்று தெரிவித்துவிடுதல் நன்று.

புதிய மருந்து ஒன்று உண்டாகப் பல ஆண்டுகளும் பெரும் பொருளும் செலவாகின்றன. அதனை நாம் சில பருவங்களில் வீணாக்கிவிடுகின்றோம். அடுத்த மருந்து வரும் என்று காத்திருப்பது, கிணறு வற்றிய பின் மழையை எதிர்பார்ப்பது போலாகும். இருக்கும் மருந்துகளின் ஆற்றலைக் காப்பது நம் கையில் உள்ளது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், விதைப்பு நாள், பொறி எண்ணிக்கை, மருந்து முறை ஆகிய மூன்றையும் பொருளாக வைத்துப் பேசி முடிவு செய்யுமாறு பஞ்சாயத்து அங்கத்தினர்களையும் உழவர் பெருமக்களையும் கேட்டுக்கொள்கின்றோம்.